இளஞ்சூட்டில் மின்சாரம்: கேள்வியும் பதிலும்

அம்பாசமுத்திரம் அரிசி ஆலை உரிமையாளர்: அண்ணாச்சி, பாய்லர் புகையோடு வீணாகும் சூட்டைக் கொண்டு மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் தண்ணீரை 70 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏற்றலாம் என்கிறார்கள். அதில் பென்டேன் என்னும் எளிதில் ஆவியாகும் நீர்மத்தைக் கொதிக்கவைத்து டர்பைன் ஓட்டினால் ஆலைக்குக் கட்டுப்படியாகுமா?

பதில்: அந்தத் தண்ணீர் சுமந்து வரும் வெப்பம் ஏறத்தாழ 230 கிலோவாட். இந்த இளஞ்சூட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு மின்சாரமானாலே நல்ல இயந்திரம் என்பேன். வரும் 11, 12 கிலோவாட்டில் பம்பும் மின்விசிறியும் மூன்று நான்கைத் தின்றுவிட, மீதியில் பத்துக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஓடும். அதே வெப்பத்தை நெல் உலர்த்திக்கு நேரே கொடுத்தால் மணிக்கு 90 கிலோ உமியாவது மிச்சமாகும். சூட்டைச் சூடாகவே செலவழிக்க இடமிருந்தால் மின்சாரத்தின் பக்கம் போகாதீர்கள்.

பாளையங்கோட்டை மாணவர்: தண்ணீரையே ஆவியாக்கினால் என்ன?

பதில்: டர்பைனைக் கடந்த ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகும் 40 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பதினான்கில் ஒரு பங்குதான் இருக்கும், ஒரு கிலோ ஆவி 19 கன மீட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். டர்பைன் பூதாகாரமாகும், வெளிக்காற்றும் உள்ளே கசியும். பென்டேன் 36 டிகிரியிலேயே கொதிப்பதால் இந்தத் தொல்லை இல்லை. தவிர, டர்பைனில் விரியும்போது அது துளித்துளியாகாமல் உலர்ந்தே வெளிவருவதால் டர்பைனின் சுழலும் இலைகள் அரிக்கப்படுவதில்லை.

தென்காசி வாசகர்: சூடு இலவசம் என்னும்போது ஐந்து விழுக்காடானால் என்ன, இரண்டானால் என்ன?

பதில்: சூடு இலவசம், இரும்பு இலவசமில்லையே! ஒரு கிலோவாட் எடுக்க 19 கிலோவாட்டை வெளியே தள்ள வேண்டியிருப்பதால், நீங்கள் விலைகொடுத்து வாங்குவது பெரும்பாலும் வெப்பமாற்றிகளைத்தான்.

அவரே மீண்டும்: அலாஸ்காவின் சேனா வெந்நீரூற்றில் 74 டிகிரித் தண்ணீரிலேயே 2006 முதல் ஓட்டுகிறார்களே; நம்மிடம் 90 இருக்கிறதே?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அங்கே குளிர்விக்கும் நீர் 4 டிகிரி. 74க்கும் 4க்கும் இடையே, வெப்பத்தில் எத்தனை பங்கை வேலையாக்க முடியும் என்று சொல்லும் கார்னோ விதி தரும் உச்சவரம்பு 20 விழுக்காடு. நம் சித்திரை வெயிலில் காற்றால் குளிர்வித்தால் ஆவி 50 டிகிரியில்தான் நீர்மமாகும்; 90க்கும் 50க்கும் உச்சவரம்பு 11தான். குளிர்கோபுரம் வைத்து 38க்கு இறக்கினால் 14 ஆகும், ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும், அதுவும் நல்ல தண்ணீர். தாமிரபரணி ஓடுகிறதே என்று அடுத்து எழுதாதீர்கள். கார் சாகுபடிக்கே தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் ஊரில் அதைக் கோபுரத்தில் ஆவியாக விடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனி ஆடிச் சாரலில் உங்கள் ஊரில் இயந்திரம் கொஞ்சம் முகம் மலரும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

திருச்செந்தூர் வாசகர்: அப்படியானால் குளிர்ச்சியைக் கடலிலிருந்து எடுக்கலாமே?

பதில்: உங்கள் கரைக்கு அப்பால் கடலில் 2000களின் தொடக்கத்தில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் முயன்றது இதைத்தான். மிதவையில் 1 மெகாவாட் நிலையம், பென்டேனுக்குப் பதில் கொதிக்கவைக்கும் நீர்மம் அம்மோனியா. ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவரும் நீண்ட குழாயை இறக்குவதில்தான் அது சிக்கியது. அங்கும் வினை குளிர்ப்பக்கத்தில்தான்.

வள்ளியூர் வாசகர்: மொட்டைமாடி சோலார் வாட்டர் ஹீட்டரில்?

பதில்: குளியுங்கள்.

நாங்குநேரி செங்கல் சூளைக்காரர்: சூளைச் சூட்டில் எடுக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள், பச்சைக் கல்லை உலர்த்தப் பயன்படுத்துங்கள்.

அரிசி ஆலை உரிமையாளர்: உலர்த்திக்குப் போக மீந்ததில் சிறிதாக ஒன்று செய்து பார்க்கலாம் என்று மகன் சொல்கிறான். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் பக்கத்தில் இடம் இருக்கிறது.

பதில்: அந்த இடம் மட்டும் வேண்டாம். பென்டேன் ஆவி காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாமல் எலிவேட்டர் குழிக்குள் இறங்கித் தங்கும், காற்றில் ஒன்றரை விழுக்காடு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அந்தக் குழியில் சிந்திய நெல்லை அள்ள ஆள் இறங்குவதை நான் உங்கள் ஆலையிலேயே பார்த்திருக்கிறேன், காதில் பீடியோடு.