வாசகர் கேள்வி - பதில்: ஓநாய்க்குக் கணக்கு வைப்பது யார்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஓநாயைப் பற்றி. போன இதழில் அமெரிக்காவில் ஓநாய்கள் திரும்பி வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன், அதுதான் காரணம். பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிற நம் மலேசியாவின் பகாவ் வட்டாரத்திலிருந்து இவ்வளவு கடிதம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

கேள்வி: அண்ணே, அங்கே உள்ள வேட்டைக்காரர்கள் ஓநாயைச் சுட்டே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்களே. மானை இவர்கள் சுட்டால் சரி, ஓநாய் தின்றால் தப்பா? வெறும் பொறாமைதானே இது? (செம்பனைத் தோட்டத் தொழிலாளி, பகாவ்)

பதில்: பொறாமையும் உண்டு தம்பி, மறைப்பானேன். நம் தோட்டத்தில் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறோம், அது எலியைத் தின்றால் ஒருவரும் வழக்குப் போடுவதில்லை, ஏனென்றால் எலிக்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. மான் அப்படி இல்லை. ஆனால் பொறாமை என்று சொல்லி முடித்துவிட்டால் அவர்களுடைய பெரிய புகாரைக் கேட்காமலே எழுந்து போனதாகிவிடும்.

யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926இல் கடைசி ஓநாய்களையும் கொன்று தீர்த்திருந்தார்கள். 1995, 1996 இரண்டு வருடங்களில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். அந்த வட்டாரத்து மூன்று மாநிலங்களான மொன்டானா, ஐடஹோ, வயோமிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த இலக்கு 300 ஓநாய், குட்டி போடும் ஜோடி 30, அது மூன்று வருடம் நிலைக்க வேண்டும், அப்புறம் மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்து மாநிலங்களிடம் கொடுத்துவிடலாம் என்பது பேச்சு. 2002இலேயே இலக்கை எட்டியாகிவிட்டது. பட்டியலிலிருந்து எடுப்பார்கள், யாராவது வழக்குப் போடுவார்கள், நீதிமன்றம் திரும்பச் சேர்க்கும், மறுபடி எடுப்பார்கள், இப்படியே இழுத்து 2011இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்ட பிறகுதான் மொன்டானாவிலும் ஐடஹோவிலும் விஷயம் முடிந்தது. 'எங்களிடம் ஒரு எண்ணைச் சொன்னீர்கள், எட்டிய பிறகு எண்ணையே தள்ளி வைத்தீர்கள்' என்பதுதான் அவர்கள் கோபம். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது.

அடுத்தது எல்க் என்கிற பெரிய மான். யெல்லோஸ்டோனின் வடக்குக் கூட்டம் 1994இல் ஏறக்குறைய 19,000, 2013இல் 4,000க்கும் கீழே. வேட்டைக்காரர் இந்த இரண்டு எண்ணையும் மேசையில் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். ஆனால் அதே காலத்தில் அங்கே கரடி பெருகியது, மலைச்சிங்கம் என்கிற பூமா பெருகியது, வறட்சி வந்தது, பூங்கா எல்லைக்கு வெளியே பெட்டை எல்க்கைச் சுட மனிதர்களுக்கு அனுமதிச் சீட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள். அதையும் மேசையில் வைக்க வேண்டும், அவர்களில் பலர் வைப்பதில்லை. மாநில அளவில் எல்க் ஒழிந்துபோகவும் இல்லை. அதிகாரி மாநிலம் முழுவதற்கும் கணக்குச் சொல்கிறார், வேட்டைக்காரரோ தாத்தா காலத்திலிருந்து போய்வரும் ஒரே பள்ளத்தாக்கைப் பார்த்துப் பேசுகிறார், ஓநாய் வந்ததும் எல்க் திறந்த வெளியை விட்டு அடர்ந்த மரத்துக்குள் ஏறிவிட்டால் அவர் கண்ணுக்கு மான் இல்லைதானே. இரண்டு பேர் சொல்வதும் உண்மை, அதனால்தான் சண்டை தீர மாட்டேன் என்கிறது.

பணமும் இருக்கிறது. அங்கே வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு தனி வரி, 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் காசு வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. 'நாங்கள் கட்டுகிறோம், நகரத்துக்காரன் கருத்து மட்டும் சொல்கிறான்' என்பார்கள். வேட்டைக்காரர் எல்லாரும் ஒரே குரலும் இல்லை. ஓநாய் இருக்கிற காடுதான் காடு, பலவீனமான மானை அது எடுத்தால் எடுக்கட்டும் என்று சொல்லும் வேட்டைக்காரரும் இருக்கிறார்கள். அவர்கள் சத்தம் போடுவதில்லை, அதனால் செய்தியில் வருவதில்லை.

கேள்வி: அப்படியென்றால் லைசென்ஸ் கொடுத்து இத்தனைதான் என்று அளந்து சுடவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? (ஓய்வுபெற்ற கிராணி, ரொம்பின்)

பதில்: காகிதத்தில் தீர்ந்தது ஐயா. விஸ்கான்சின் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஓநாய் பட்டியலிலிருந்து எடுபட்ட சூட்டோடு ஒரு வேட்டை அமைப்பு நீதிமன்றம் போய், உடனே வேட்டையைத் திறக்க உத்தரவு வாங்கியது. பொது லைசென்ஸ்காரர்களுக்கு 119 ஓநாய். கீழே பனி, தடம் அப்படியே தெரியும், நாயை விட்டுத் துரத்தவும் அனுமதி. ஒரு வாரம் நடக்க வேண்டிய வேட்டையை மூன்றாம் நாளே மூடினார்கள், அதற்குள் 218 விழுந்துவிட்டது. மூடுவதாக அறிவித்தாலும் 24 மணி நேரம் கழித்துத்தான் மூட முடியும் என்று விதி, அந்த இடைவெளியில் யாரும் சும்மா இருக்கவில்லை. ஓநாயைச் சகோதரனாக மதிக்கும் ஒஜிப்வே பழங்குடியினருக்கு 81 பங்கு ஒதுக்கியிருந்தார்கள், அவர்கள் ஒன்றைக்கூடச் சுடவில்லை, அந்த 81 உயிரோடு இருக்கட்டும் என்றே பங்கை வாங்கினார்கள். கடைசியில் மற்றவர்கள் சுட்டது அந்தப் பங்கையும் தாண்டிப் போய்விட்டது. 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் அங்கே ஓநாயை மறுபடி பட்டியலில் சேர்த்தது.

என் கருத்தைக் கேட்டால், காட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேட்டைக்காரரைவிட நல்ல சாட்சி கிடைக்காது, ஆனால் எத்தனை என்று எழுதும் பேனாவும் 'போதும்' என்று ஊதும் விசிலும் அவர் கையில் இருக்கக் கூடாது. கட்டுப்பாடாகச் சுடுகிற பல வேட்டைக்காரர்களுக்கும் அந்த மூன்று நாளால் கெட்ட பெயர்தான்.

கேள்வி: ஐரோப்பாவில் ஒரு குதிரைக்குட்டியால் சட்டமே மாறிவிட்டதாமே, நிஜமா? (கல்லூரி மாணவி, பகாவ்)

பதில்: குட்டி இல்லை, வயதான மட்டக்குதிரை. ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வொன் டெர் லேயனுடையது, பெயர் டாலி, 2022 செப்டம்பரில் ஜெர்மனியில் ஓநாய் கொன்றது. பெர்ன் உடன்படிக்கை என்கிற ஐரோப்பிய வனவிலங்கு ஒப்பந்தத்தில் ஓநாய்க்கு இருந்த 'கடுமையான பாதுகாப்பு' 'பாதுகாப்பு' என்று ஒரு படி இறங்கி 2025 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. குதிரையால்தான் என்று கிண்டல் செய்கிறார்கள், ஆனால் ஆட்டுக்காரர்களும் வேட்டைச் சங்கங்களும் அதற்கு வெகு முன்பிருந்தே அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடன், பின்லாந்து வேட்டைக்காரர்களுக்கு மானைவிட நாய்தான் பெரிய கவலை. அங்கே நாயை அவிழ்த்துவிட்டுத்தான் மூஸ் என்கிற பெரிய மானை வேட்டையாடுவார்கள், ஓநாய் அந்த நாயைக் கொன்றுவிடும். நாய் வளர்த்தவர்களுக்கு அந்த வலி புரியும்.

கேள்வி: நம் நாட்டில் ஓநாய் உண்டா?

பதில்: இல்லை. தாமான் நெகாரா தேசியப் பூங்காப் பக்கம் கூட்டமாகச் செந்நிறத்தில் ஓடினால் அது செந்நாய். அதுவும் அபூர்வம், அதைத் தொடக் கூடாது.

கேள்வி: அண்ணே, பன்றிக்கு வருவோம். கன்று நட்டால் இரவோடு இரவாகக் குருத்தைத் தின்றுவிடுகிறது. நாங்கள் சுடாவிட்டால் யார் சுடுவது? புலியா வந்து பிடிக்கப் போகிறது? (சிறு தோட்டக்காரர், சிம்பாங் பெர்த்தாங்)

பதில்: உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இதற்கு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பாசோ காட்டில் 1990களில் எண்ணிப் பார்த்தபோது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 27 முதல் 47 காட்டுப்பன்றி. காரணமாகச் சொன்னது இரண்டு: பிடித்துத் தின்ன புலி இல்லை, சுற்றிலும் வருடம் முழுக்க உதிரும் செம்பனைப் பழம். தாய்ப்பன்றி குட்டி போடப் படுக்கை கட்டுவதற்காக இளம் மரங்களை ஒடித்து ஒடித்துக் காட்டின் அடுத்த தலைமுறையையே காலி செய்துகொண்டிருந்தது. ஆக, 'நாங்கள் இல்லாவிட்டால்' என்று நீங்கள் சொல்வது வெறும் வாய்ச்சவடால் இல்லை.

ஆனால் புலியைக் கிண்டல் செய்யாதீர்கள். 2022இல் வெளிவந்த கணக்குப்படி காட்டில் மிஞ்சியிருப்பது 150க்கும் குறைவு, அதன் சாப்பாட்டில் முக்கியமானது இதே பன்றி. 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்து காட்டுப்பன்றியையும் தாக்கியது. உங்கள் செம்பனைக்குள் வரும் பன்றி தொல்லைதான், உள்காட்டில் இருப்பது புலிக்குச் சோறு. இரண்டு இடத்துக்கும் ஒரே கணக்குப் போடக் கூடாது. தோட்டத்துக்குள் உரிமம் வாங்கிச் சுடுங்கள், உள்காட்டுப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் மரவள்ளி போட்டிருக்கிறேன், இரும்புக் கம்பியில் ஒரு சுருக்கு மட்டும் வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சுருக்குக் கம்பி குற்றம், பன்றிக்காக வைத்தேன் என்றாலும் குற்றம்தான். சுருக்குக்குள் காலை விடுவது பன்றியா கரடியா பக்கத்து வீட்டு நாயா என்று கம்பிக்குத் தெரியாது. பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறை அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுங்கள், பகலில் போட்டோ எடுத்து அதோடு சேருங்கள். அவர்கள் வரும்வரை கொல்லையைச் சுற்றித் துத்தநாகத் தகடு அடித்து, அடிப்பாகத்தை மண்ணுக்குள் நன்றாகப் புதைத்துவிடுங்கள், மூக்கால் தோண்டுகிற பிராணி அது.