அட்டைக்குப் பயந்து சிங்கராஜாவை விடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். 8, 11 வயதில் இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா. விடுமுறையில் ஒரே நாளில் சிங்கராஜா வனம் போய்த் திரும்பலாமா? அட்டையை நினைத்து அம்மா தயங்குகிறார்.

பதில்: போய்த் திரும்பலாம், ஆனால் பெரும்பாலான நேரம் வாகனத்துக்குள்ளேயே கழியும். விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டு, தெற்கு அதிவேகப் பாதையில் தொடங்கொடையில் இறங்கி, மத்துகமை, கலவானை வழியாகப் போனாலும் வனத்தின் குடாவ வாசலுக்குப் போய்ச் சேர ஒன்பதைத் தாண்டிவிடும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் அதற்குள் போய்விடும். மத்தியானம் மழை பிடிக்கும். முதல் நாளே போய் குடாவயில் ஓர் இரவு தங்குங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, ஆகஸ்டிலும் சற்று ஓயும். ஏப்ரல் பிற்பகல்களில் இடிமழை.

நுழைவுச்சீட்டோடு வழிகாட்டியையும் கட்டாயம் எடுக்க வேண்டும். முலாவெல்ல உச்சிக்கு ஏறும் பாதை அம்மாவுக்குச் சரிவராது. 1970களில் மரம் வெட்டப் போட்ட பழைய வீதி அகலமானது, ஏற்றமும் குறைவு, அதிலேயே நடக்கலாம். சிலம்பன் குருவிகளின் சலசலப்புக் கேட்டால் நின்றுவிடுங்கள். அவற்றோடு கரிச்சானும் வேறு பல இனங்களும் ஒரே கூட்டமாக இரை தேடி வரும். பத்து நிமிடம் அசையாமல் நின்றால் மணிக்கணக்கில் நடந்தும் காணாததைக் காணலாம். பிள்ளைகளை நிற்க வைப்பதுதான் கஷ்டம்!

இனி அட்டை. சாதாரண மேஸின் (காலுறையின்) பின்னல் துளைக்குள் அது நூலாய் மெலிந்து நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் தைத்த, அட்டையைத் தடுக்கும் மேஸ் வாங்கி, காற்சட்டையை உள்ளே விட்டு, முழங்காலுக்குக் கீழே கட்டுங்கள். சவர்க்காரம், தைலம் பூசலாம். மழையில் கரைந்தால் மறுபடி பூச வேண்டும். நின்ற இடத்தில் அட்டை ஏறும், ஆகவே பறவை பார்க்கும்போதும் ஆளுக்கொரு முறை காலைப் பாருங்கள்.

கடித்துவிட்டால் தீ வைக்காதீர்கள், உப்பும் போடாதீர்கள். உறிஞ்சியதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். ஒல்லியான முனைதான் வாய். அதன் அடியில் நகத்தைப் பக்கவாட்டில் விட்டுத் தள்ளி, மற்ற முனையையும் எடுத்து, கழுவி அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அட்டை செலுத்துவதால் சில மணி நேரம் கசியலாம். அம்மா இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

அட்டையைவிடக் கவனிக்க வேண்டியது, சருகோடு சருகாகக் கிடக்கும் சிறு விரியன், சிங்களத்தில் குணகட்டுவா. இந்தியாவிலிருந்து வரும் வழமையான விஷமுறி மருந்து இதன் விஷத்தை முறிக்காது. பிள்ளைகள் பாதையை விட்டு இறங்கவோ, விழுந்த மரத்தில் பார்க்காமல் கை வைக்கவோ கூடாது. கடித்தால் கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல், ஆளைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அம்மா நடப்பாரா என்ற சந்தேகமிருந்தால், கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்காவின் பலகைப் பாதையில் ஒருநாள் காலையில் நடத்திப் பாருங்கள். அங்கே அட்டைத் தொல்லையும் இராது.