கீமோ நாட்களில் காய்ச்சல் நல்லதா?

ஏசி அறையின் குளிரில் கீமோ மருந்து வீணாகியிருக்குமோ, வயிற்றின் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அதன் வீரியம் கூடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்வியைவிட, கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. சினைப்பைப் புற்றுநோய்க்காகக் கார்போபிளாட்டின், பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகளை ஏற்றிக்கொண்ட உங்கள் தாயாருக்கு ஒன்பதாம் நாள் 101 டிகிரி காய்ச்சல் வந்தபோது, சூடு மருந்தின் வீரியத்தைக் கூட்டும் என்று இணையத்தில் படித்த நம்பிக்கையில், பாரசிட்டமால் மட்டும் கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறீர்கள். இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள்.

ஏசி அறையின் குளிரில் மருந்து வீணாகியிருக்குமோ என்ற பயம் தேவையில்லை. அறை எவ்வளவு குளிர்ந்தாலும் இரத்தம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸிலேயே ஓடுகிறது.

நீங்கள் படித்தது முழுப் பொய்யும் அல்ல. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் வெப்பத்தில் புற்றணுக்களுக்குள் கூடுதலாக நுழைகின்றன. சிதைந்த டிஎன்ஏவைச் சரிசெய்துகொள்ளும் திறனும் அந்த அணுக்களுக்குக் குறைகிறது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் சினைப்பைப் புற்றுநோய் உள்ள 245 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சையின் முடிவில் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் சிஸ்பிளாட்டின் கரைசலை 90 நிமிடங்கள் வயிற்றறைக்குள் சுழலவிட்டபோது, இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம்) 33.9 மாதங்களிலிருந்து 45.7 மாதங்களாக உயர்ந்தது. ஆனால் அது மயக்க மருந்தின் கீழ், வெப்பநிலையை நொடிக்கு நொடி கண்காணித்துச் செய்யப்படுவது. வயிற்றின் மேல் வைக்கும் வெந்நீர் ஒத்தடத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பேக்லிடாக்சலால் மரத்துப்போன பாதத்தில் வெந்நீர்ப் பையை வைத்து, சுடுவதே தெரியாமல் கொப்புளத்தோடு வருபவர்களை நான் பார்க்கிறேன். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்த உடலில் அந்தக் கொப்புளமே கிருமிக்கு வாசலாகிவிடுகிறது.

கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது வரும் காய்ச்சல், மருந்து வேலை செய்வதன் அடையாளம் அன்று. இரத்தத்தில் கிருமி பரவுவதன் முதல் அடையாளமாக, சில வேளைகளில் ஒரே அடையாளமாக இருக்கலாம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். அது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, காய்ச்சல் இல்லாமலே உடல் தூக்கிப்போடும்படி குளிர் நடுக்கம் வந்தாலோ, நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கீமோ எடுப்பவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். வழியில் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். அது காய்ச்சலைத்தான் மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது.

வந்துபோன காய்ச்சலைப் பற்றி, தேதியையும் அளவையும் குறித்து, தாயாருடைய மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அடுத்த சுற்றுக்கு முன் மருந்தின் அளவைக் குறைப்பதா, வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி போடுவதா என்பதை முடிவுசெய்ய அவருக்கு அந்தத் தகவல் வேண்டும்.