புதிய நாடகத்தின் பொது வாசிப்பு: சில கேள்விகளும் பதில்களும்

எழுதி முடித்த நாடகத்தை மேடையேற்றும் முன் பார்வையாளர்களைக் கூட்டி வாசித்துக் காட்ட விரும்பும் எழுத்தாளர்கள் கேட்டவற்றுக்கு, பல வாசிப்புகளை நடத்தியவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

மதுரை வாசகர்: நேரடியாக நாடகத்தையே போட்டுவிடலாமே, வாசிப்பு எதற்கு?

தாளில் பேச்சுத்தமிழாகத் தெரிகிற வசனம், நடிகரின் வாயில் விழும்போதுதான் அது உண்மையில் உரைநடை என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒளியும் இசையும் அரங்கப் பொருள்களும் சேர்ந்துவிட்டால் அந்தக் குறையை அவை மூடிவிடும். அதனால்தான் அவை எதுவும் இல்லாத நிலையில் பிரதியைக் கேட்க வேண்டியிருக்கிறது. லண்டனின் ராயல் கோர்ட் அரங்கம் 1957 முதல் ஞாயிறு இரவுகளில் புதிய நாடகங்களை அரங்க அமைப்பின்றி நிகழ்த்தியது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1964இல் நிறுவப்பட்ட யூஜின் ஓ'நீல் நாடக மையத்தில், நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே புதிய நாடகங்களை நிகழ்த்துகிறார்கள்.

திருச்சி வாசகர்: எத்தனை ஒத்திகை வேண்டும்?

இரண்டு போதும். முதலாவது மேசையைச் சுற்றி அமர்ந்து, இரண்டாவது வாசிக்கப்போகும் இடத்திலேயே. அமெரிக்க நடிகர் சங்கத்தின் விதிகளில் 29 மணி நேர வாசிப்பு என்றே ஒரு வகை உண்டு. ஒத்திகையும் வாசிப்பும் அந்த வரம்புக்குள் முடிந்தாக வேண்டும். நம் நடிகர்கள் பெரும்பாலும் அலுவலகம் முடிந்து வருகிறவர்கள் என்பதால், 2 மாலைகளுக்கு மேல் கேட்பது நியாயமும் அன்று.

புதுச்சேரி வாசகர்: அடைப்புக்குறிக்குள் உள்ள அரங்கக் குறிப்புகளையும் வாசிக்க வேண்டுமா?

கதைக்குத் தேவையானவற்றை மட்டும் தனியொருவர் வாசிக்கட்டும். "கதவைத் தாழிடுகிறாள்" என்பது தேவை. "வேதனையுடன்" என்பது தேவையில்லை, ஏனெனில் அதை நடிகரின் குரல் காட்ட வேண்டும், காட்டவில்லை என்றால் உங்கள் வசனத்தில் வேதனை இல்லை என்று பொருள். நீளமான குறிப்புகளை வாசிப்புக்கென்றே ஒரு வரியாகச் சுருக்கி எழுதுங்கள். அப்படிச் சுருக்கும்போது, வசனத்தில் சொல்லத் தவறியதை எல்லாம் குறிப்பில் ஒளித்து வைத்திருந்தது உங்களுக்கே தெரியவரும். என் முதல் வாசிப்பில் நான் கற்ற பாடம் இதுதான்: இரண்டாம் காட்சியின் திருப்பம் முழுவதும் ஒரு குறிப்பில் இருந்தது, அதை வாசிக்கும் பொறுப்பையோ நான் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

கோவை வாசகர்: முக்கியப் பாத்திரத்தை நானே வாசிக்கலாமா?

வேண்டாம். பார்வையாளர்களின் முகம் தெரியும்படி பக்கவாட்டில் அமர்ந்து, எங்கே நாற்காலிகள் நகர்கின்றன, எங்கே கைப்பேசிகள் ஒளிர்கின்றன, எந்த வரியில் அரங்கம் அசைவற்றுப் போகிறது என்று பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நடக்கும் கலந்துரையாடலைவிட நான் நம்புவது இந்தக் குறிப்புகளைத்தான்.

சென்னை வாசகர்: கலந்துரையாடலில் ஆளாளுக்கு ஒரு முடிவை எழுதித் தருகிறார்களே?

லிஸ் லெர்மன் என்ற நடன அமைப்பாளர் 1990இல் வகுத்த முறை இதற்கு உதவும். முதலில் மனத்தில் நின்றவற்றை மட்டும் பார்வையாளர்கள் சொல்வார்கள். அடுத்து எழுத்தாளர் தன் ஐயங்களைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்வையாளர்கள் தீர்ப்புக் கலக்காத கேள்விகளைக் கேட்பார்கள். கருத்துகள் கடைசியில்தான், அதுவும் எழுத்தாளர் இசைந்தால் மட்டுமே. "பிடித்ததா?" என்று கேட்காமல், "தங்கை எப்போது பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது?" என்பதைப் போலக் கேளுங்கள். பதில்களை எதிர்த்து வாதாடாதீர்கள். அடுத்த வாசிப்புக்கு வந்து ஒவ்வொருவருக்கும் நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சேலம் வாசகர்: காவல்துறையிடம் பிரதியைக் கொடுத்து அனுமதி பெற வேண்டுமா?

இந்த வழக்கத்துக்கு அடிப்படையாக இருந்த 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாதவை என்று, பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆனால் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைப்பதற்கான அனுமதி தனி. அரங்க உரிமையாளரின் நிபந்தனைகளையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தஞ்சை வாசகர்: தொடக்கத்தில் நாடகத்தைப் பற்றி நான் பேசலாமா?

பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று கம்பர் தம்மைத் தாழ்த்திக்கொண்ட அவையடக்கம் ஒருசில பாட்டுகளிலேயே முடிந்துவிட்டது. நீங்கள் நாடகத்தின் தலைப்பையும், இது திருத்தத்துக்கு உட்பட்ட வரைவு என்பதையும், இடைவேளை உண்டா என்பதையும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.