அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா? உபதேசியார் பதில்கள்

துன்ப நாளில் மகிழ்ச்சி எப்படி என்று கேள்வி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்வி. முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

மண்டபம், விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்: மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில், வட்டிக்காரர் வாசலில். 'ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்' என்று பவுல் எழுதியது வயிறு நிறைந்தவர்களுக்குத்தானே?

எழுதிய கை விலங்கில் இருந்தது, தம்பி. பிலிப்பியருக்கான அந்தக் கடிதம் சிறையிலிருந்து போனது. அதை முழுவதும் படியுங்கள். தம் உடனுழைப்பாளர் எப்பப்பிராதித்து சாகக் கிடந்ததையும், அவர் இறந்திருந்தால் தமக்குத் துயரத்துக்குமேல் துயரம் வந்திருக்கும் என்பதையும் பவுல் ஒளிக்காமல் சொல்கிறார். கடைசி அதிகாரத்தில், கஷ்டத்தில் பங்கெடுத்துப் பொருள் அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்கிறார். மகிழுங்கள் என்ற சொல்லுக்குப் பத்து வரி தள்ளித்தான் அந்தப் பணம் வருகிறது. நம் பிரசங்கங்களில் முன்னதை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். ஆகவே கேள்வி உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் தெருவுக்கும்தான். நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். வட்டிக்காரருக்கு என்னிடம் வசனம் இல்லை.

இராமேசுவரம், ஒரு சகோதரி: கணவர் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார். செபக்கூட்டத்தில் அழுதேன். 'அழுகை அவிசுவாசம், மகிழ்ச்சியைத் தேர்ந்துகொள்' என்றார்கள்.

இறந்துபோன நண்பர் இலாசரைச் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கல்லறை அருகே இயேசு அழுதார். அவருக்கு விசுவாசம் போதாதா? 88ஆம் திருப்பாடலைப் பாருங்கள். கடைசி வரி வரை இருட்டு, விடியவே இல்லை. அதையும் நம் முன்னோர் செபம் என்றுதான் வைத்தார்கள்.

என் அப்பா கடலில் காணாமல் போன மூன்று நாளும் எங்கள் வீட்டில் வசனம் சொன்னவர்கள் பலர். ஒருவர் முகமும் நினைவில்லை. எதிர்வீட்டு அத்தை மட்டும் எதுவும் பேசாமல் வந்து, அணைந்து கிடந்த அடுப்பை ஊதி, கஞ்சி வைத்து, காயப்போட்டிருந்த நெத்திலியைக் காக்கை கொத்தாமல் மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அப்பா வந்தார். அன்றும் அத்தைதான் முதலில் அழுதார். மகிழ்ச்சியைத் தேர்ந்துகொள்வது என்று நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். உங்கள் முகத்தைச் சிரிக்கவைப்பது யாருடைய வேலையும் அல்ல.

எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கை: துக்க வீட்டில் வசனம் சொல்லாதீர்கள். கஞ்சி கொண்டு போங்கள்.

தங்கச்சிமடம்: அழுவது பாவமா?

மேலே பார்க்கவும்.

திருவாடானை, கல்லூரி மாணவர்: அருளானந்தர் ஓரியூரில் சாவை மகிழ்ச்சியோடு எதிர்கொண்டாரே! நம்மால் ஏன் முடியவில்லை?

அருளானந்தர் என்பவர் போர்த்துகலிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ. 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. முந்தின நாள் சிறையிலிருந்து சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். கரியைக் குழைத்து எழுதியதாகச் சொல்வார்கள். பேரிலேயே ஆனந்தத்தை வைத்துக்கொண்டவர். ஆனால் அதற்குப் பின்னால் மறவ நாட்டுப் பொட்டலில் ஆண்டுக்கணக்கான நடையும் பட்டினியும் ஒரு முறை நாடு கடத்தலும் இருந்தன. கடைசி நாளை மட்டும் பார்த்து நம்மை அளக்கக் கூடாது. அவரை வைத்து அழுகிறவர்களை அடக்காதீர்கள். அதைத்தான் துக்க வீட்டு வசனம் என்கிறேன்.

பெயர் வேண்டாம் என்றவர்: மூன்று மாதமாகத் தூக்கமில்லை, உணவு இறங்கவில்லை, செபிக்கவும் முடியவில்லை.

இது என் துறை அல்ல. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவில் தாங்கவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், இலவசம். உங்களுக்காகச் செபிக்க நாங்கள் இருக்கிறோம்.

பாம்பன், இளைஞர் குழு: ஐந்து வீட்டு ஆண்கள் சிறையில் இருக்கும்போது திருவிழாவுக்கு மேளமும் வாணவேடிக்கையும் தேவையா?

தேவையில்லை. 2024இல் மீனவர் சிறைப்பட்டதற்காக நம்மவர்கள் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கே போகாமல் இருந்தார்கள். அழுவாரோடு அழச் சொன்னதும் பவுல்தான். கொடி ஏறட்டும், சப்பரம் அந்த ஐந்து வாசலிலும் நிற்கட்டும், போதும்.

ஒரு சம்மாட்டி (படகு முதலாளி): ஊருக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான். வெடிக்காரருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

முன்பணம் உங்கள் பாடு, ஐயா.

இராமேசுவரம், மேலே கேட்ட அதே சகோதரி: எங்கள் ஐந்து வீட்டையும் ஒரு வார்த்தை கேட்டீர்களா, உபதேசியாரே? என் மகளுக்கு ஆறு வயது. மேளம் வராவிட்டால், உன் அப்பாவால்தான் திருவிழா நின்றது என்று பள்ளியில் சொல்வார்கள். மேளம் வரட்டும். நான் அழுதுகொண்டே பார்த்துக்கொள்கிறேன்.

கேட்கவில்லை, அம்மா. தப்புதான். மேளம் வரட்டும். வெடி வேண்டாம் என்பதில் மட்டும் நிற்கிறேன். அதையும் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான்.

ஏர்வாடி: கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரியில் ஒன்று மட்டும் ஏன் ரோஸ்?

மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. மற்ற மூன்றும் ஊதா, காத்திருப்பின் நிறம். காத்திருப்பு முடிவதற்கு முன்பே அது ஏற்றப்படுகிறது.

மண்டபம், இன்னொருவர்: அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா?

தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள்.