சினிமாவை நம்பாமல் பாடகர் பிரதீக் குஹாட் எப்படிப் பெயர் வாங்கினார்?

சினிமாவை மட்டுமே நம்பவில்லை என்பதுதான் சரி. ‘கார்வான்’ போன்ற இந்திப் படங்களிலும் அவர் பாடியிருக்கிறார். ஆனால் ரசிகர்கள் சேர்ந்தது அவரே எழுதி, மெட்டமைத்துப் பாடிய பாட்டுகளால்.

ஜெய்ப்பூர்க்காரர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பொருளாதாரமும் படித்தார். கொஞ்ச நாள் அங்கேயே வேலை பார்த்துவிட்டு டெல்லிக்கு வந்து கிட்டாரோடு மேடை ஏறினார். 2015-இல் முதல் ஆங்கில ஆல்பம். 2018-இல் வந்த ‘கோல்ட்/மெஸ்’ பாட்டுதான் திருப்பம். பிரியவும் முடியாமல் சேரவும் முடியாமல் தவிக்கும் காதல். பின்னணியில் ஆர்ப்பாட்டமே கிடையாது. ஜிம் சர்ப் நடித்த வீடியோவும் கைகொடுத்தது. தனக்குப் பிடித்த பாட்டுகள் என்று ஒபாமா வெளியிட்ட 2019 பட்டியலில் அந்தப் பாட்டு இடம்பிடித்ததும் உலகமே தேடிக் கேட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் எலெக்ட்ரா இசை நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டது.

பலர் ‘ஒபாமா அதிர்ஷ்டம்’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கு முன்பே பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பாடியவர் அவர். இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் எழுதுவது இன்னொரு பலம். பாட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்ற குறையும் உண்டு. அதை நானும் மறுக்கமாட்டேன்.