ஒரே ஒரு பாட்டா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அமெரிக்கப் பாடகி ட்ரேஸி சாப்மனைப் பற்றி நீங்கள் அடிக்கடி உயர்வாகச் சொல்கிறீர்கள். நானும் அவருடைய ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டைக் கேட்டேன். பிடிக்கத்தான் செய்தது. ஆனால் அதே கிட்டார் துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது, குரலும் பெரிதாக ஏறி இறங்கவில்லை. 2023இல் லூக் கோம்ப்ஸ் என்ற பாடகர் அதைப் பாடியதால்தானே அவர் பெயர் மறுபடி அடிபட்டது? 2008க்குப் பிறகு புதிய ஆல்பமும் இல்லை. ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஒருவரைப் பெரிய கலைஞர் என்று சொல்லிவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்தக் கிட்டார் துணுக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நாம் சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுக்காரர்கள். பல்லவி முதலில் வந்துவிட வேண்டும், சரணம் முடிந்ததும் அதற்கே திரும்ப வேண்டும். ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டில் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் பல்லவியே கிடையாது. ஒரு பெண் தன் நிலைமையைச் சொல்லிக்கொண்டே போகிறாள். குடிகார அப்பா, விட்டுப்போன அம்மா, அப்பாவைப் பார்த்துக்கொள்ள நிறுத்திய படிப்பு, கடையில் வேலை செய்து சேர்த்த கொஞ்சம் பணம். காதலனிடம் கார் இருக்கிறது, கிளம்பிவிடலாம் என்கிறாள். இவ்வளவும் அந்த ஒரே துணுக்கின் மேல். அவள் வாழ்க்கையும் அப்படித்தானே சுற்றிச் சுற்றி வருகிறது? அப்புறம்தான் டிரம்ஸ் விழுகிறது, பல்லவி திறக்கிறது: காரின் வேகம், நகரத்து விளக்குகள், தோளைச் சுற்றிய கை, நானும் ஒரு ஆளாகிவிடுவேன் என்ற நினைப்பு. அதுவும் நடப்பதாக வரவில்லை, நினைவாக வருகிறது. முதல் தடவை கேட்கும்போது நாம் அதைக் கவனிப்பதே இல்லை.

பல்லவி மூன்று முறை வருகிறது, சொற்கள் மாறுவதில்லை. நடுவில் வாழ்க்கை மாறிவிடுகிறது. அவள் மார்க்கெட்டில் பில் போடும் பெண்ணாகிறாள், பிறகு குடும்பச் செலவு முழுவதையும் தாங்கும் வேலைக்குப் போகிறாள். அவன் பாரில் கிடக்கிறான், பிள்ளைகளைவிட நண்பர்களைத்தான் அதிகம் பார்க்கிறான். அப்பன் கையிலிருந்த மதுப்புட்டி இப்போது இவன் கையில். மூன்றாவது முறை அதே பல்லவி வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் ‘நாம் பறந்துவிடலாமா, முடிவெடுப்போம்’ என்று கேட்டவள், கடைசியில் ‘நீ முடிவெடு’ என்கிறாள். அவள் எங்கும் போகப்போவதில்லை, அவனைக் காரை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறாள். இந்த இடத்தில் குரலை உயர்த்திக் கதறியிருந்தால் பாட்டு கெட்டுப்போயிருக்கும். கணக்கு முடித்தவள் பேசுகிற குரல் அது, ஏறி இறங்காது.

1964இல் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் பிறந்தவர் சாப்மன். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தபடியே ஹார்வர்ட் சதுக்கத்தில் தெருவோரம் நின்று பாடியவர். முதல் ஆல்பம் 1988இல் வந்தது. அந்த ஜூன் 11ஆம் தேதி, சிறையில் இருந்த மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்பிளி அரங்கில் கச்சேரி. சாப்மன் தன் பாட்டுகளை முன்னதாகவே பாடி முடித்துவிட்டார். ஸ்டீவி வொண்டர் மேடையேறும் நேரத்தில் அவருடைய சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தின் ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. இடைவெளியை நிரப்ப சாப்மனை மறுபடி அனுப்பினார்கள். ஒரு கிட்டார், ஒரு மைக், எதிரே அவ்வளவு பெரிய கூட்டம். ‘ஃபாஸ்ட் கார்’ பாடினார். அதற்குப் பிறகு ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. தற்செயல் என்று சொல்வார்கள், சரி. ஆனால் வாத்தியக்குழு, ஒலிப்பதிவு என எந்தத் துணையும் இல்லாமல் அந்த அரங்கில் நிற்கக்கூடிய பாட்டு அவர் கையில் இருந்ததே!

லூக் கோம்ப்ஸ் விஷயம் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிரானது. சின்ன வயதில் அப்பாவோடு வண்டியில் கேட்ட பாட்டை அவர் பாடினார். வட கரோலினாவைச் சேர்ந்த வெள்ளை கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசை) பாடகர், ‘பில் போடும் பெண்’ என்ற வரியை ஆணுக்காக மாற்றாமல் அப்படியே பாடினார். கறுப்பினப் பெண் ஒருத்தி எழுதிய ஏழைக் கதையை, கன்ட்ரி ரசிகர்கள் தங்கள் ஊர்க் கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கம் தரும் சிஎம்ஏ விருதுகளில் சிறந்த பாடலுக்கான பரிசு, பாட்டு பிறந்து 35 ஆண்டு கழித்து, எழுதியவர் என்ற முறையில் சாப்மனுக்குப் போனது. அந்தப் பரிசை வாங்கிய முதல் கறுப்பினப் படைப்பாளி அவர்தான். 2024 கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடியபோது, சாப்மன் கிட்டாரைத் தொட்டதுமே அரங்கம் ஆர்ப்பரித்தது. பக்கத்தில் நின்ற கோம்ப்ஸ் அவர் பாடுவதைப் பார்த்துக்கொண்டே வாயசைத்ததைக் கவனியுங்கள். ஒரு பாட்டின் செல்வாக்கை இதைவிட எப்படிக் காட்டுவது?

ஒரே பாட்டு என்பதும் சரியில்லை. 1995 ஆல்பத்தில் வந்த ‘கிவ் மீ ஒன் ரீசன்’ சுத்தமான ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய இசைவகை), அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது, கிராமியும் வாங்கியது. 2008க்குப் பிறகு ஆல்பம் இல்லை என்பதை நான் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. சொல்ல இருந்தால்தான் பாடுவேன் என்று இருப்பவர்கள் இந்தத் தொழிலில் குறைவு, அவர்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

முதல் ஆல்பத்தை வரிசை மாற்றாமல் கேளுங்கள். நான்காவதாக ‘பிஹைண்ட் த வால்’ வரும். நள்ளிரவில் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் அடிவாங்கும் சத்தம், வந்தாலும் தாமதமாக வரும் போலீஸ், கணவன் மனைவி விவகாரத்தில் தலையிட முடியாது என்ற பதில். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான பாட்டு, ஒரு வாத்தியம்கூட இல்லை. அதைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.